குச்சியில் தள்ளிய பகடை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஆபீசில் இதை டைப் அடிக்கப்போகிற நித்யா பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். சொன்ன விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

எழுதச் சொன்னதும் நித்யாதான். எங்கள் கம்பெனி கோயமுத்தூர் சரவணம்பட்டியில் இருக்கிறது. ஐ.டி. கம்பெனிகளின் குடும்ப விழா, பம்ப்செட் வியாபாரிகளின் வருடக் கூட்டம், கல்யாண வரவேற்பு என்று எங்கே கூப்பிட்டாலும் கேசினோ மேசைகளைக் கொண்டுபோய்ப் போட்டு ஆட்டம் நடத்திக் கொடுப்போம். காசு கிடையாது. காசு வைத்து ஆடுவது நம் ஊரில் சட்டப்படி குற்றம். வருகிறவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பிளாஸ்டிக் காயின் கொடுப்போம். முடிவில் யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவருக்குக் குக்கரோ மிக்சியோ பரிசு. அந்தக் கம்பெனியில் ‘கிராப்ஸ்’ என்கிற பகடை மேசை என்னுடையது. முழங்கால் தேய்ந்துபோனதால் போன வருடம் நின்றுவிட்டேன்.

இப்போது அந்த மேசைக்குப் பதிலாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. கண்ணாடிக் குமிழுக்குள் பகடை கிடக்கும். பட்டனை அமுக்கினால் தானாகக் குதித்து விழும். நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் வெளிநாட்டுக் கேசினோவுக்குப் போகிறவர்கள் இன்னமும் ஆபீசுக்கு வந்து, கிராப்ஸ் ஆட்டத்தில் தேற என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்களாம். அதற்கு மெஷின் பதில் சொல்லாது. “நீங்களே எழுதிக் குடுத்துப்போடுங்கண்ணா” என்று நித்யா சொன்னார்.

நான் அதிகம் பேசாதவன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலையோ, மேசையில் நின்று உரக்கக் கூவுவது. அதை நல்லபடியாகச் செய்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் ஒரு பெரிய தோட்டத்துக்காரர் வீட்டில் கூலி வேலை செய்தார்கள். நான் கோயமுத்தூருக்கு வந்து பந்தல் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்தேன். அந்த வழியாகத்தான் இந்தக் கம்பெனிக்குள் நுழைந்தது. பகடை மேசை தொட்டி மாதிரி ஆழமாக, நீளமாக இருக்கும். கழற்றி மாட்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அதை ஊர் ஊராகச் சுமந்து மாட்டிக்கொண்டே, பக்கத்தில் நின்று ஆட்டத்தையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். குச்சியால் பகடையைத் தள்ளித் தருகிற ஆள் துபாய்க்குப் போனபோது, மேசைகளுக்குப் பொறுப்பான வில்சன் சார் என்னைக் கூப்பிட்டு, “நாளை முதல் நீ நில்லு” என்றார்.

வில்சன் சார் கொச்சிக்காரர். வெளிநாட்டுக் கப்பல்களில் கேசினோ மேசை பார்த்தவர். எங்கள் குடோன் தகரக் கூரையின் கீழே வெந்துகொண்டிருக்கும். அவர் மட்டும் கோட்டுக்குள் போடுகிற கறுப்பு மேல்சட்டையின் பொத்தானைக்கூட அவிழ்க்க மாட்டார். யாரையும் திட்டியதில்லை. தவறு நடந்தால் உள்ளங்கையை மேசையின் பச்சைத் துணிமேல் விரித்து வைப்பார். அவ்வளவுதான், எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். என்ன தவறு என்று நாமே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு கையை எடுத்துவிட்டு, “மறுபடி” என்பார். பாராட்டும் கிடையாது. துணியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் பொறுக்க மாட்டார். மேசையின் விளிம்பில் யாராவது டீ கிளாசை வைத்துவிட்டால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பகடை. மேசையைச் சுற்றி நிற்பவர்களில் ஒருவர் எறிவார், மற்றவர்கள் அவர் பக்கமோ எதிர்ப் பக்கமோ காயின் வைப்பார்கள். முதல் எறியில் ஏழோ பதினொன்றோ விழுந்தால் எறிபவர் பக்கம் ஜெயம். இரண்டு, மூன்று, பன்னிரண்டு விழுந்தால் தோல்வி. வேறு எண் விழுந்தால் அதுதான் ‘பாயிண்ட்’. அந்த எண் மறுபடி விழும்வரை எறிந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குள் ஏழு விழுந்துவிட்டால் போச்சு. முதல் எறியில் வாழவைக்கிற அதே ஏழுதான் பிறகு ஆளைக் கவிழ்ப்பது. அதனால், விழுந்ததைக் கூவுகிறவன் தவிர, மேசையில் ஏழு என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள்.

குச்சிக்காரன் வேலை இது. கிண்ணத்திலிருந்து ஐந்து பகடைகளையும் எடுத்து, ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேராகப் பிடித்து, மூலை தேய்ந்திருக்கிறதா, உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு வளைந்த பிரம்புக் குச்சியால் எறிபவர் முன்னால் தள்ள வேண்டும். அவர் இரண்டை எடுத்துக்கொள்வார். மீதி மூன்றைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். தள்ளும்போது மேலே தெரிகிற எண்கள் சேர்ந்து ஏழாக இருக்கக் கூடாது. எறிபவர் ஒரே கையால் எறிய வேண்டும், இரண்டும் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும். விழுந்த எண்ணை நான் கூவ வேண்டும். ஒரு தடவைதான், மேசையின் இரண்டு கோடிக்கும் கேட்கும்படி. கூவிய எண்ணை மாற்றிக்கொள்ள முடியாது.

எனக்கு அந்தக் கூவல் வரவே இல்லை. நான் சொல்வது என் சட்டைப் பொத்தானுக்கு மட்டும்தான் கேட்கும். வில்சன் சாரின் கை துணிமேல் போய்ப் போய் உட்கார்ந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் சந்தில் பெண்கள் மத்தியானமானால் தரையில் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவார்கள். என் மனைவி சரசுவும் அதில் ஒருத்தி. என் கஷ்டத்தைக் கேட்டதும் என்னை இழுத்துக்கொண்டுபோய் அவர்கள் நடுவில் நிறுத்திவிட்டாள். கட்டை உருள உருள நான் எண்ணைச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு அக்கா, கட்டைக்கே கேட்கவில்லை என்றார். இன்னொருத்தர், சரசுவைப் பெண் பார்க்க வந்தபோதாவது வாயைத் திறந்தாரா என்று கேட்டார்.

“அன்னிக்கும் தலையத்தானுங்க்கா ஆட்டுனாரு” என்றாள் சரசு. “ஏனுங்க மாமா, ஆட்டம் பாக்கறவியளப் பாக்காதீங்க. கட்டையப் பாத்துச் சொல்லுங்க. கட்டை உங்களத் திருப்பிப் பாக்காது.”

அந்த ஒரு வார்த்தைதான். ஆட்களைப் பார்க்காமல் பகடையைப் பார்த்துக் கூவினேன். குரல் வந்தது. அதன் பிறகு பெரிய கல்யாண மண்டபங்களில்கூட மைக் இல்லாமல் என் சத்தம் போயிருக்கிறது.

இனி வில்சன் சாரின் முக்கியமான சட்டத்தைச் சொல்ல வேண்டும். மேசையில் யாரும் யாருக்கும் கையோடு கை எதையும் கொடுக்கக் கூடாது. காயினாக இருந்தாலும் பகடையாக இருந்தாலும் துணிமேல் வைக்க வேண்டும். அடுத்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மேசையை விட்டு நகரும்போது இரண்டு கையையும் ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கைகளை விரித்துத் திருப்பிக் காட்ட வேண்டும், ஒளித்து எதுவும் இல்லை என்று.

இதைக் கேட்ட முதல் நாள் என் காது சூடாகிவிட்டது. காரணம் இருக்கிறது. எங்கள் சனத்துக்கு அந்தக் காலத்தில் தோட்டத்துக்காரர்கள் எதையும் கையில் தர மாட்டார்கள். கூலியோ பலகாரமோ, களத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். பிறகு நாங்கள் போய் எடுத்துக்கொள்வோம். ஆனால் மஞ்சள் நடவு வந்தால் என் அம்மா அருக்காணியைத் தேடி வருவார்கள். அம்மாவுக்குக் கைராசி என்று பேர். முதல் கிழங்கை அம்மாதான் ஊன்ற வேண்டும். அந்தக் கிழங்கையும் வரப்பின்மேல் வைத்துவிட்டுத்தான் தள்ளி நிற்பார்கள்.

இங்கேயும் அதே கதையா என்று என் முகம் காட்டியிருக்க வேண்டும். வில்சன் சார் அதைக் கவனித்தார். தன் பேனாவை எனக்குக் கொடுக்கும்போது துணிமேல் வைத்தார். நான் திருப்பிக் கொடுத்தபோது துணிமேல் வைக்கச் சொன்னார். முதலாளி வந்து காயின் கேட்டார்; அவருக்கும் துணிமேல்தான் வைத்தார். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றால் அதில் அவமானம் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

வெளிநாடு போகிறவர்கள் குடோனுக்கு வந்து பழகிக்கொண்டு போவார்கள். மெஷின் கண்காட்சிக்கோ, வியாபாரிகளுக்குக் கம்பெனி தரும் இலவச டூருக்கோ போகிற இடத்தில் பெரிய கேசினோ இருக்கும். அங்கே கூச்சப்படாமல் நிற்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. நான் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். எறிபவர் பக்கம் வைக்கிற சாதாரணக் கோட்டில் வையுங்கள். பாயிண்ட் விழுந்த பிறகு அதற்குப் பின்னால் கூடுதலாக வைக்கலாம், அதில் கேசினோவுக்கு லாபம் இல்லை. மேசையின் நடுவில் பளபளவென்று படம் போட்டிருக்கிற கட்டங்கள் பக்கம் போகாதீர்கள், பரிசு பெரிதாகத் தெரியும், வருவது அபூர்வம். பகடை பறக்கும்போது கையைத் தூக்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு போனால் பரவாயில்லை என்று ஓட்டல் ரூமிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள். இவ்வளவும் பழகினால் வந்துவிடும். பகடையை நம் சொல்படி விழவைப்பது மட்டும் பழகினாலும் வராது. இதை எல்லோரிடமும் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள், பிறகு எப்படி எறிந்தால் விழும் என்று கேட்பார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் சிவக்குமார். பெருந்துறையில் சொந்தமாகக் கம்பெனி வைத்திருந்தார். மனைவி கோகிலாவோடு வந்தார். உள்ளே நுழைந்ததும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. என் அப்பா அம்மா வேலை செய்த தோட்டத்துக்காரரின் மகன். எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான். அவருக்கு என்னைத் தெரியவில்லை. என் சட்டையில் ‘ராஜ்’ என்று கம்பெனி பேட்ஜ் குத்தியிருந்தது. ஆறுச்சாமி என்ற பேரை ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்குக் கூப்பிட வராது என்று வைத்த பேர்.

“ஏனுங்க மாஸ்டர், ரூல்ஸெல்லாம் நமக்குத் தெரியுமுங்க. ரெண்டு டூர் போயாச்சு. எறியற வித்தைய மட்டும் சொல்லிக்குடுத்தீங்கன்னாப் போதும்” என்றார். சொல்லிக்கொண்டே தன் காயின்களை என் கைக்கு நேராக நீட்டினார்.

“துணியில வைங்க, சார்” என்றேன்.

அந்த வீட்டுப் பிள்ளைக்கு நான் அதைச் சொல்ல நேர்ந்தது. அவர் உடனே “சாரிங்க” என்று வைத்தார். மனசுக்குள் சிரித்துக்கொண்டேன் என்றால் பொய் இல்லை.

பல நாள் வந்தார். நல்ல கை அவருக்கு. பகடையைப் பூப்போல விட்டெறிவார். சுவரில் பட்டுத் துள்ளாமல் வந்து படுக்கும். ஒரு நாள் மத்தியானம் ஏழு விழாமலே எறிந்துகொண்டிருந்தார். பாயிண்ட் மேல் பாயிண்டாக அடித்தார். லோடு இறக்குகிற ஆட்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். கோகிலா மட்டும் நாற்காலியில் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சிவக்குமார் போன் பேச வெளியே போனதும் மேசையருகே வந்தார்.

“ஏனுங்க, இது கத்துக்கிட்டா வாற வித்தைதானுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மேலே சொன்னார். “ரெண்டு டூர்லயும் உட்டதுக்கு எங்க கெழக்கு தோட்டம் போயிருச்சுங்க. மேக்கு தோட்டம் ஒண்ணுதானுங்க மிச்சம். அடுத்த வாரம் புரோக்கர் அட்வான்ஸ் கொண்டுட்டு வாராரு. அதை எடுத்துக்கிட்டுப் போயி எல்லாத்தையும் மீட்டுப்போடறேங்கறாரு. நீங்க சொன்னா நம்பறேன்னு அவருகிட்டச் சொல்லியிருக்கறேனுங்க.”

மேற்குத் தோட்டம் எது என்று எனக்குத் தெரியும். அம்மா மஞ்சள் ஊன்றிய தோட்டம் அதுதான். கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

வில்சன் சாரிடம் போய்ச் சொன்னேன். நான் சொன்னால் வாடிக்கைக்காரர் கோபித்துக்கொண்டு போய்விடுவார், கம்பெனிக்குக் கெட்ட பேர் வரும், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் பகடைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மேசையில் கூவுவது யார்? நானா?” என்றார். “எண்ணைக் கூவுவது போலச் சொல்லு. ஒரு தடவை. உபதேசம் வேண்டாம்.”

அடுத்த முறை அவர்கள் வந்தபோது நான் வழக்கம்போலப் பகடைகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கித் திருப்பி, விளக்குக்குக் காட்டி, ஒரு பக்கமாக வைத்தேன். சிவக்குமார் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்த மாதிரி ஒருத்தரு கெழங்கு பாப்பாங்க” என்றார் மெதுவாக. பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நீ... அருக்காணி மகன் ஆறுச்சாமிதானே?”

ஆமாங்க என்றேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மனைவி பக்கம் திரும்பினார். “பாத்தியா அம்மணி, இவங்கம்மா கையில வெச்சா கருங்கல்லும் மொளைக்கும். எங்கய்யன் அவங்க வராம மஞ்சளே நட மாட்டாரு. ரெண்டு டூர்ல என்ன கொறைச்சல்னு இப்பத்தான் தெரியுது.” மறுபடி என்னிடம், “ஆறுச்சாமி, உனக்கும் டிக்கெட் போட்டுர்றேன். எங்கூட வந்து பக்கத்துல நின்னாப் போதும். இப்பக் குச்சியெல்லாம் எதுக்கு? டைஸ உங்கையால எடுத்து எங்கையில குடு” என்றார்.

உள்ளங்கையை விரித்து மேசைக்கு மேலாக என்னிடம் நீட்டினார்.

அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்ததும் காதில் விழாமல் இல்லை. ஆனால் அந்தக் கை என்னிடம் கேட்டு நின்றது. இன்னார் என்று தெரிந்து எங்கள் கைக்கு எதிரில் ஒரு நாளும் வராத கை. வைத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது; அம்மாவுக்குச் செய்யாத மரியாதையை இன்றைக்குச் செய்கிறார் என்றுகூடத் தோன்றியது. வைத்தால், அந்த நம்பிக்கையோடு அவர் புரோக்கரைப் பார்க்கப் போவார். கோகிலா எழுந்து நின்றுகொண்டிருந்தார். மேசையின் கோடியில் நின்ற வில்சன் சாரின் உள்ளங்கை துணிமேல் இருந்தது.

குச்சியை எடுத்தேன். ஐந்து பகடைகளையும் அவர் முன்னால் தள்ளினேன்.

“டைஸ் குச்சியிலதானுங்க வரும், சார்.”

அவர் கையை மடக்கிக்கொண்டார். “என்ன பெரிய சட்டம்? அன்னிக்கு நா எறிஞ்சத நீயே கூவுனாயில்ல? என்ற கை பேசுதுன்னு உனக்கே தெரியும்” என்றார்.

“அப்பக் கை சொல்றபடி டைஸ் கேக்குமுங்களா?”

“கேக்குமே.”

“அப்படின்னா இப்ப வேணும்னே ஒரு ஏழு போடுங்க, சார்.”

பகடை விழுவதற்கு முன்னால் மேசையில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வில்சன் சார்கூட நிமிர்ந்து பார்த்தார். சிவக்குமார் சிரித்துக்கொண்டே எறிந்தார். நான்கு விழுந்தது. கூவினேன். மறுபடி எறிந்தார், ஒன்பது. பிறகு ஆறு, பத்து, மறுபடியும் ஆறு. பூப்போலத்தான் எறிந்தார், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏழு மட்டும் வரவில்லை. சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார். அப்போதும் வரவில்லை.

“சித்த தள்ளுங்க, நா ஒண்ணு போடறேன்” என்று கோகிலா கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார். பகடை பிடிக்கவே தெரியாதவர். கோழிக்குத் தீனி வீசுகிற மாதிரி வீசினார். இரண்டும் சுவரில் முட்டி, உருண்டு, மூன்றும் நான்குமாக நின்றன.

“ஏழு” என்று கூவினேன்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தனை நாளில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிவக்குமார், “உன்னக் கூட்டிட்டுப் போயிருக்கோணும்” என்றார். குரலில் பாதி விளையாட்டு, பாதி கோபம்.

“அதுவும் கை இல்லீங்க, சார்” என்றேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பகடையைப் பார்த்துச் சொன்னேன்.

“எங்கம்மாவுக்குக் கைராசின்னு ஒண்ணும் இல்லீங்க. கெழங்க அமுக்கிப் பாப்பாங்க, மெதுவா இருந்தா எடுத்துப் போட்டுருவாங்க. கால மண்ணுல உட்டுப் பாப்பாங்க, ஈரம் பத்தலைன்னா இன்னிக்கு வேண்டாம்பாங்க. உங்கய்யன் கோவிச்சாலும் வேண்டாம்னா வேண்டாந்தானுங்க. வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்சதுதானுங்க அவங்க கைராசி. இந்த டைஸ்ல அமுக்கிப் பாக்க ஒண்ணும் இல்லீங்க. வெக்கறதா வேண்டாமாங்கறது மட்டுந்தானுங்க நம்ம கையில இருக்குது.”

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வில்சன் சார் துணியிலிருந்து கையை எடுத்தார். சிவக்குமார் பகடைகளைத் துணியிலேயே விட்டுவிட்டு, வாரேன் என்றுகூடச் சொல்லாமல் கதவைப் பார்த்து நடந்தார். கோகிலா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் போனார்.

நான் கையைத் தட்டி உள்ளங்கையைக் காட்டிவிட்டு மேசையை விட்டு நகர்ந்தேன். வாடிக்கை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது வில்சன் சார் மேசையின் விளிம்பில் ஒரு கிளாஸ் டீயை வைத்துவிட்டு நின்றார். எனக்குத்தான். டீ கிளாசுக்கு ஆகாத அந்த மேசையில், அவரே கொண்டுவந்து வைத்தார். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த மெடல் அது.

அந்த டூருக்குப் போய் வந்த இன்னொரு வியாபாரி பிறகு குடோனுக்கு வந்திருந்தார். சிவக்குமாரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். கேசினோவில் கொஞ்ச நேரம் நின்றாராம், கைச்செலவுக்கென்று கொண்டுபோனதில் ஒரு பகுதியை வைத்து ஆடினாராம். அது தீர்ந்ததும் கையைத் தட்டி இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு வெளியே வந்து, மனைவியோடு படகில் ஊர் சுற்றப் போய்விட்டாராம். என்ன பழக்கம் இது என்று எல்லோரும் கேட்டதற்கு, “எங்க மாஸ்டர் பழக்கம்” என்றாராம்.

ஆட்டத்தில் தேறுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். சிவக்குமார் எறிவதில் தேறியவர்தான். ஆட்டத்தில் தேறியது, கையைத் தட்டிக் காட்டிய அன்றைக்கு.

இந்த ஆனி மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. மேற்குத் தோட்டத்தில் மஞ்சள் நடுகிறோம், வந்துவிட்டுப் போங்கள் என்றார் சிவக்குமார். அட்வான்ஸோடு வந்த புரோக்கரை அப்போதே திருப்பி அனுப்பிவிட்டாராம். சரசுவும் நானும் பஸ் ஏறிப் போனோம். மண்ணை மேடாக அணைத்துப் பார் பிடித்துத் தயாராக இருந்தது. நடவு ஆட்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். சிவக்குமார் கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

“இங்க மேசை இல்லீங்களே, மாஸ்டர். கையில குடுக்கலாமுங்களா?”

குடுங்க என்றேன். இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் விரல் என் உள்ளங்கையில் பட்டது. நான் கிழங்கைக் கட்டைவிரலால் அமுக்கித் திருப்பிப் பார்த்தேன். கெட்டியாக, கண் திரண்டு, நல்ல கிழங்கு. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பாருக்குள் விட்டேன். மேலே ஈரம், ஒரு சாண் கீழே பொடி மண்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு, கடைசி வரப்பு வரைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“இன்னிக்கு வேண்டாமுங்க. இன்னொரு தண்ணி உடோணும்.”

நடவு ஆட்களில் ஒரு பெண், இதற்குத்தான் கோயமுத்தூரிலிருந்து ஆளைக் கூப்பிட்டீர்களா என்றார். வரப்பு முழுக்கச் சிரிப்பு. சிவக்குமாரும் சிரித்தபடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே போய் மோட்டாரைப் போட்டார். அன்றிரவு நாங்கள் அவர்கள் வீட்டிலேயே தங்கினோம். மறுநாள் மண் சரியாக இருந்தது. முதல் கிழங்கை ஊன்றினேன்.

நேற்று கோகிலா அம்மா போன் செய்தார். மஞ்சள் முளைத்து இலை விரித்துவிட்டதாம். அதைக் கேட்ட பிறகுதான் நித்யா கொடுத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆறுச்சாமி,
சரவணம்பட்டி.
ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.